ஓட்டுறார், நடத்துறார்

“வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?”

எச்ஆர் ரவுண்டில் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும் என்று சீனியர்ஸ் எல்லாரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். இதுக்கெல்லாமா ப்ரிபேர் பண்ணுவாங்க என்று விட்டுவிட்டேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படித்தேன், எஸ்க்யூஎல் படித்தேன். ‘உன்னோட வீக்னஸ் என்ன’ என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு நல்ல வீக்னஸைக்கூட ரெடி பண்ணி வைத்திருந்தேன். அப்பாவைப் பற்றி மட்டும் எதுவும் ரெடி பண்ணவில்லை.

“ஹி ரன்ஸ் எ லேத், மேம். இன் தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்.”

ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் இருந்த மேடத்தின் முகம் மலர்ந்தது. “ஓ, நைஸ்! பிசினஸ் ஃபேமிலி. ஹவ் மெனி பீப்பிள்?”

அப்பா வேலை பார்க்கும் யூனிட்டில் மொத்தம் எட்டு பேர். அப்பாவையும் சேர்த்து எட்டு. முதலாளியைச் சேர்க்காமல் எட்டு.

“எய்ட், மேம்.”

அவ்வளவுதான். மேடம் எதையோ டைப் பண்ணினார். அடுத்த கேள்வி ரீலொகேஷன் பற்றி. நாலு நாள் கழித்து ஆஃபர் வந்தது. வீட்டில் கேசரி, ஹாஸ்டலில் ட்ரீட், ஸ்டேட்டஸில் வாழ்த்து எல்லாம் ஓடியது. எனக்கு மட்டும் அந்த இரண்டு பதில்களும் பல்லில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏனென்றால் நான் பொய் சொல்லவில்லை. ‘ஹி ரன்ஸ் எ லேத்’ உண்மை. ‘எய்ட்’ உண்மை. இரண்டு உண்மையும் சேர்ந்து எப்படி ஒரு பொய் ஆனது? அந்தப் பொய்யைச் சொன்னது நானா, ‘ரன்’ என்ற வார்த்தையா? இதைத்தான் இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்குக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை, கைடு இதைப் படிக்காமல் இருந்தால் சரி.

* * *

முதலில் ‘ரன்’ மேல் பழியைப் போடலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள வார்த்தை எது என்று ஒரு பழைய போட்டி உண்டு. ரொம்ப நாள் ‘செட்’தான் சாம்பியன். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் அந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 430 அர்த்தம். அந்த ஒரு பதிவை எழுதவே சுமார் 60,000 வார்த்தை ஆயிற்றாம். பிறகு மூன்றாம் பதிப்புக்காகத் திருத்த உட்கார்ந்தபோது ‘ரன்’ முந்திவிட்டது. 645 அர்த்தம். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரே வார்த்தையோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது மாதத்தில் நாம் இரண்டு செமஸ்டரை ஓட்டிவிடுவோம்.

ஒரு மூன்றெழுத்து வார்த்தை ஏன் இப்படிக் குட்டி போட்டது? எனக்குத் தோன்றும் பதில், மிஷின். ஓடுவதற்குக் கால் வேண்டும் என்று இருந்த காலத்தில் மனுஷனும் குதிரையும்தான் ஓடினார்கள், தண்ணீர் ஓடியது. ஆலைகள் வந்ததும் சக்கரம் ஓடியது, ரயில் ஓடியது, இன்ஜின் ஓடியது. கம்ப்யூட்டர் வந்ததும் கால், சக்கரம் எதுவுமே இல்லாத ப்ரோக்ராமும் ஓட ஆரம்பித்துவிட்டது. நம் லேபில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘ரன் ஆகுதா?’ என்று கேட்கிறோம்? ‘ரன் ஆகுது, ஆனா அவுட்புட் வரல’ என்பதுதான் நம் டிபார்ட்மென்ட்டின் தேசிய கீதம்.

தமிழும் சளைத்ததில்லை. நம்ம ‘ஓடு’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேன் ஓடுது. கடிகாரம் ஓடுது. ரத்தம் ஓடுது. பொழப்பு ஓடுது. எக்ஸாம் ஹாலில் மண்டையில் ஒண்ணும் ஓட மாட்டேங்குது. ரிசல்ட் வரும் அன்னிக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. 2002-இல் மாதவன் நடித்து லிங்குசாமி எடுத்த ‘ரன்’ படம் நன்றாக ஓடியது. விவேக்கின் காக்கா பிரியாணி இன்றுவரை மீமில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிரிக்கெட்டில் ரன்னுக்கு ‘ஓட்டம்’ என்றே பேர். ‘ஓட்டு’ என்று மாற்றினால் இன்னும் ஜாலி. வண்டி ஓட்டலாம், மாடு ஓட்டலாம், ஏர் ஓட்டலாம், தையல் ஓட்டலாம், கண்ணை ஓட்டலாம், ஃப்ரெண்டை ஓட்டலாம், அரியர் வைத்துக்கொண்டு வீட்டில் படமும் ஓட்டலாம்.

ஆனால் ‘ரன்’ போகும் எல்லா இடத்துக்கும் ‘ஓடு’ போகாது. மூக்கு ஓடாது, ஒழுகும். சாயம் ஓடாது, போகும். கேஸ் ஓடிப்போகாது, தீர்ந்துபோகும். கேஸ் ஓடிப்போச்சு என்று சொன்னால் அம்மா யாரோடு என்று கேட்பார்.

அப்புறம் தேர்தல். அமெரிக்காவில் எலெக்‌ஷனுக்கு ‘ரன்’ பண்ணுவார்கள். நம் ஊரில் யாராவது ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? நிற்பார்கள். 2021-இல் ரங்கசாமி தட்டாஞ்சாவடியிலும் ஏனாமிலும் ஒரே நேரத்தில் நின்றார். ஏனாம் எங்கேயோ ஆந்திராவுக்குள் இருக்கிறது. இங்கே ஜெயித்தார், அங்கே தோற்றார். எழுநூறு எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு இடத்தில் ஒரே ஆள் நிற்க முடிவது தமிழில் மட்டும்தான்.

இதெல்லாம் எழுதி வைத்து ஒரு ஜாலியான கட்டுரையாக முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அதற்குப் பதில் கிடைத்தது அகராதியில் இல்லை, வீட்டில்.

* * *

நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். பத்தாவது வரை தமிழ் படித்தேன். ப்ளஸ் ஒன்னில் மார்க்குக்காக ஃப்ரெஞ்ச் எடுத்தேன். பாண்டிச்சேரியில் இது சகஜம். அதனால் என் தமிழ் பத்தாவதோடு நின்றுபோன தமிழ். இந்தக் கட்டுரையையே கூகுள் கீபோர்டில் இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் எடிட்டர் திருத்திவிடுவார்.

ஆஃபர் வந்த பத்து நாள் கழித்து, ஒரு ராத்திரி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். கை கழுவுவது அப்பாவுக்குக் கால் மணி நேர வேலை. முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அப்புறம் சோப்புத் தூள், அப்புறம் பழைய டூத் பிரஷால் நகக்கண். அப்படியும் கோடுகளில் கொஞ்சம் கறுப்பு தங்கிவிடும்.

“பா, இன்டர்வியூல நீ என்ன பண்றன்னு கேட்டாங்க.”

“ம்.”

“ரன்ஸ் எ லேத்னு சொன்னேன். அவங்க நீ சொந்தமா லேத் வெச்சிருக்கன்னு நெனச்சிட்டாங்க. எத்தன பேர்னு கேட்டாங்க. எட்டுன்னு சொல்லிட்டேன்.”

அப்பா பிரஷை நிறுத்தவில்லை. “எட்டுல என்னையும் சேத்தியா?”

“சேத்தேன்.”

“அப்போ கணக்கு சரிதான்.”

இதற்கு மேல் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் நிம்மதியாகப் போய்ப் படுத்திருப்பேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “அந்த மேடம் தமிழ்ல கேட்டிருந்தா என்னடா சொல்லியிருப்ப?”

“லேத்து ஓட்டுறார்னு சொல்லியிருப்பேன்.”

“ம். அப்போ அவங்களுக்கு வேற மாதிரி கேட்டிருக்காது.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை. ஒரு ஜாபில் அளவு எங்கே தப்புகிறது என்று காட்டுவது மாதிரிதான் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் தோசை இறங்கவில்லை.

தமிழில் சொல்லிப் பாருங்கள். லேத்து ஓட்டுறார். லேத்துப் பட்டறை நடத்துறார். ஓட்டுகிறவர் வேறு, நடத்துகிறவர் வேறு. மிஷின் முன்னால் நிற்பவர் ஓட்டுவார், சம்பளம் போடுபவர் நடத்துவார். பஸ்ஸை டிரைவர் ஓட்டுவார், பஸ் கம்பெனியை ஓனர் நடத்துவார். இந்த இரண்டையும் தமிழில் யாராலும் குழப்பவே முடியாது. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே ‘ரன்’. அந்த 645-இல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அர்த்தத்துக்கு நடுவில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தில்தான் நான் நுழைந்து தப்பித்தேன்.

பத்தாவதில் படித்த தன்வினை, பிறவினை ஞாபகம் வந்தது. ஓடு, ஓட்டு. நட, நடத்து. அதாவது ‘நடத்துறார்’ என்றால் நடக்க வைக்கிறார். கடை நடக்குது, கல்யாணம் நடக்குது, ஸ்கூல் நடக்குது. நம் ஊரில் ஸ்தாபனங்கள் நடக்கும், மிஷின்கள் ஓடும்.

ப்ளஸ் டூ ஃப்ரெஞ்சும் கூடவே ஞாபகம் வந்தது. ஃப்ரெஞ்சில் மிஷினும் நடக்கத்தான் செய்யும். நடப்பதற்கு ‘மார்ஷே’ என்று ஒரு வினை. மிஷின் வேலை செய்கிறதா என்று கேட்பதற்கும் அதேதான். எங்கள் தெருவில் ஃப்ரெஞ்ச் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். கரண்ட் வந்ததும் ஃபேனைப் பார்த்து “சா மார்ஷ்!” என்பார். நடக்குது என்று அர்த்தம். அதே ஃபேன் எங்கள் வீட்டில் ஓடும். ஒரே தெரு, ஒரே கரண்ட்.

* * *

இதைச் சொன்னதும் தாத்தா மில் கதைக்குப் போய்விட்டார். எங்கள் தாத்தா மில் தொழிலாளி, நெசவுப் பகுதி. அவருடைய அப்பாவும் மில்தான். “ரெண்டு தறி ஓட்டினேன்” என்று இப்போதும் விரலை நீட்டிச் சொல்வார். யார் நடத்தினார்கள் என்று கேட்டால் ஒரு பெரிய லிஸ்ட்டே வரும். வெள்ளைக்காரன், அப்புறம் ஒரு கம்பெனி, அப்புறம் கவர்மென்ட். நடத்துகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஓட்டியது இவர் தெரு.

பாண்டிச்சேரியை நாம் பீச், பேக்கரி, மஞ்சள் சுவர் என்று ரீல்ஸில் பார்க்கிறோம். இது ஒரு மில் ஊர் என்பது நம் வயசுக்காரர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் தாத்தா சொல்லித்தான் தெரியும். மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன. ரோடியர் மில் என்று பெரியவர்கள் சொல்வதுதான் ஏஎஃப்டி, ஆங்கிலோ ஃப்ரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ், 1898-இல் ஆரம்பித்தது. மில் சங்கு ஊதினால் ஊரே கடிகாரத்தைச் சரிபார்க்கும் என்பார் தாத்தா.

1936 ஜூலை 30 அன்று, வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டும் சங்க உரிமை கேட்டும் மில்களை நிறுத்திப் போராடியவர்கள் மேல் ஃப்ரெஞ்ச் அரசின் போலீஸ் சுட்டது. 12 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். போராட்டத்தின் தலைவர் வ. சுப்பையா. பாண்டிச்சேரியில் எட்டு மணி நேர வேலை சட்டமானது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு ஜூலை 30-ம் இங்கே தியாகிகள் தினம். அதற்கு முன்னால் மிஷின் ஓடுகிற வரைக்கும் ஆளும் நிற்க வேண்டும். “ஓட்டத் தெரிஞ்சவனுக்குத்தான் நிறுத்தவும் தெரியும்” என்று தாத்தா சொன்னார். அவருடைய அப்பா சொன்னதாம்.

நான் சிஎஸ்இ. அதனால் 1936 என்றதும் எனக்கு வேறொரு விஷயமும் ஞாபகம் வந்தது. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பரில் நாம் எல்லாரும் மனப்பாடம் பண்ணி எழுதிய அந்த நிரூபணம். எந்த ப்ரோக்ராமைக் கொடுத்தாலும் அது ஒரு கட்டத்தில் நிற்குமா, முடிவே இல்லாமல் ஓடுமா என்று சரியாகச் சொல்லும் ஒரு பொதுவான வழி கிடையாது. அதற்கு அடிப்படையான கட்டுரையை ஆலன் டூரிங் எழுதியது 1936-இல். இங்கிலாந்தில் ஒருவர் மிஷின் நிற்குமா என்று பேப்பரில் கணக்குப் போட்ட அதே வருஷம், இங்கே மிஷினை எட்டு மணி நேரத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்கள் செத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் முதலாவது என் சிலபஸில் இருந்தது, இரண்டாவது எந்த வருஷ சிலபஸிலும் இல்லை.

அந்த மில் கதையின் கடைசி சீக்கிரம் முடியும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்ததில் ஏஎஃப்டிக்குப் பெரிய சேதம். அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை, 2020-இல் மூடிவிட்டார்கள். புது பஸ் ஸ்டாண்ட் கட்டும் வேலை நடந்தபோது பஸ்ஸெல்லாம் ஏஎஃப்டி திடலில்தான் வந்து நின்றது. சென்னைக்கு இன்டர்வியூ போக நானும் அங்கேதான் பஸ் ஏறினேன்.

* * *

அடுத்த சனிக்கிழமை அப்பா வேலை பார்க்கும் இடத்துக்குப் போனேன். சின்ன வயசில் சாப்பாடு கொடுக்கப் போனதோடு சரி, அப்புறம் போனதில்லை. வழுதாவூர் ரோட்டில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை ஏற்றி வரும் வண்டிகளைத் தாண்டி, தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால் மூக்குக்கு முதலில் தெரியும்: சூடான இரும்பு, கூலன்ட், டீ.

உள்ளே போனதும் அப்பா என் கையைப் பார்த்தார். “வாட்சக் கழட்டு.” அவருடைய வாட்ச் சுவரில் ஆணியில் தொங்கியது. மோதிரம் போட மாட்டார், முழுக்கை சட்டை போட மாட்டார். சுற்றுகிற மிஷின் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும். ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப் லேபில் இதையெல்லாம் எழுதி சைன் வாங்கியிருக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்ததோடு சரி.

அன்றைக்கு ஒரு மோட்டார் ஷாஃப்ட் வந்திருந்தது. இங்கே லேத்தில் கட்டும் பொருளுக்கு ‘ஜாப்’ என்றுதான் பேர். நாம் ஜாப்புக்காக அலைகிறோம், இவருக்குத் தினமும் பத்து ஜாப் வருகிறது. அப்பா ஷாஃப்ட்டைச் சக்கில் கட்டினார், டயல் கேஜை அதன் மேல் வைத்து, கையாலேயே சக்கை மெதுவாகச் சுற்றினார். முள் ஆடியது.

“பாரு, ரன் அவுட் இருக்கு.”

நான் சிரித்துவிட்டேன். கிரிக்கெட்டில் ஓடி முடிப்பதற்குள் ஸ்டம்ப் போனால் ரன் அவுட். வீட்டில் சர்க்கரை தீர்ந்தால் இங்கிலீஷில் அதுவும் ரன் அவுட். லேத்தில் ஜாப் நடு மையத்தில் சுற்றாமல் தள்ளிச் சுற்றினால் ரன் அவுட். அந்த டயலில் ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்கு ஷாஃப்ட் ரொம்ப நேராகத்தான் சுற்றியது, முள்ளுக்கு மட்டும் தெரிந்தது. அப்பா சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, திரும்பச் சுற்றிப் பார்த்து, திரும்பத் தட்டினார். முள் அடங்குகிற வரைக்கும் மிஷினை ஸ்டார்ட் பண்ணவே இல்லை.

என் பதிலும் அப்படித்தான் என்று தோன்றியது. கேட்டவருக்கு நேராகத்தான் சுற்றியிருக்கும். முள் வைத்துப் பார்த்தால்தான் ஆட்டம் தெரியும்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் சக் சாவியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “இத மறந்து உள்ளயே விட்டுட்டு போட்டா, துப்பாக்கி குண்டு மாதிரி வரும்” என்றார். இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறார், ஒரு தடவையும் மறந்ததில்லையாம். பக்கத்து மிஷினில் இருந்த அண்ணன், “உங்கப்பா ஓட்டினா சத்தமே வேற மாதிரி இருக்கும் தம்பி” என்றார். எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே மாதிரிதான் கேட்டது.

திரும்பி வரும்போது யோசித்தேன். இன்டர்வியூவில் நான் உண்மையில் எதை மறைத்தேன்? அப்பாவிடம் கம்பெனி இல்லை என்பதை மட்டுமா? ‘ஓட்டுறார்’ என்பது ‘நடத்துறார்’ என்பதைவிடக் கீழே என்று நான் நம்பியிருக்கிறேன். அந்த மேடம் அப்படிச் சொல்லவே இல்லை. ஒருவேளை நான் ‘நோ மேம், ஹி இஸ் ஆன் ஆபரேட்டர்’ என்று சொல்லியிருந்தாலும் அதே சிரிப்போடு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். அவர் தப்பாகப் புரிந்துகொண்டது ஒரு நொடி. அதைத் திருத்தாமல் ‘எய்ட்’ என்று சொன்னது நான். ‘ரன்’ மேல் பழி போட முடியாது. வார்த்தை சந்துதான் காட்டியது, உள்ளே நடந்து போனது என் கால்.

* * *

போன மாதம் அந்தக் கம்பெனியிலிருந்து ஜாயினிங் ஃபார்ம் வந்தது. ஃபாதர்ஸ் ஆக்குபேஷன் என்ற இடத்தில் ஒரு லிஸ்ட்: கவர்மென்ட், ப்ரைவேட், பிசினஸ், அக்ரிகல்ச்சர், அதர்ஸ். மவுஸ் ‘பிசினஸ்’ மேல் கொஞ்ச நேரம் நின்றது.

ரூம்மேட் சொன்னான், “விடு மச்சி, இதையெல்லாம் யாரு செக் பண்ணப்போறா? இன்டர்வியூல சொன்னதும் ஃபார்ம்ல போட்டதும் வேற வேறயா இருந்தாதான் ப்ராப்ளம்.” அவன் சொன்னதில் லாஜிக் இருந்தது. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் என்ற வார்த்தையே ஃபைனல் இயர் மாணவனுக்கு வயிற்றைக் கலக்கும். கல்விக் கடன் வட்டி வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வார்த்தைக்காக வேலை போனால் யார் பதில் சொல்வது? இரண்டு நாள் ஃபார்மை மூடி வைத்துவிட்டேன்.

மெக்கானிக்கல் படிக்கும் இன்னொரு ஃப்ரெண்டிடம் கேட்டேன். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “டர்னர்னு போடுடா. அதுக்கு ஒரு பேரு இருக்குல்ல?”

ஆமாம், பேர் இருக்கிறது. ஐடிஐயில் அப்பா படித்த டிரேடு அதுதான், சர்டிஃபிகேட்டிலும் அதுதான் இருக்கிறது. எங்கள் வீட்டு பீரோவில் என் மார்க்‌ஷீட்டுகளுக்கு அடியில் லேமினேட் பண்ணி இருக்கிறது. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் இருந்தது. நான்தான் வினைச்சொல்லைத் தேடிக்கொண்டு போயிருக்கிறேன்.

‘ப்ரைவேட்’ செலக்ட் பண்ணினேன். பக்கத்துக் கட்டத்தில் ‘டர்னர், லேத் ஆபரேட்டர்’ என்று டைப் பண்ணினேன். சப்மிட் பண்ணிவிட்டு மூன்று நாள் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தேன். நாலாவது நாள் வந்தது. ‘யுவர் ப்ரொஃபைல் இஸ் கம்ப்ளீட்’. அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். “ம்” என்றார். அப்புறம், “ஸ்பெல்லிங் சரியா போட்டியா?” என்றார்.

ஜூனியர்ஸுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எச்ஆர் ரவுண்டுக்குப் போகும் முன் அந்தக் கேள்விக்கும் ஒரு பதில் ரெடி பண்ணிக்கொள்ளுங்கள். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி. அம்மா பூ கட்டுறாங்க, அப்பா ஆட்டோ ஓட்டுறார், மாமா கடை நடத்துறார். அதற்கப்புறம் அந்த அர்த்தம் மாறாமல் இங்கிலீஷுக்குக் கொண்டுபோங்கள். கொஞ்சம் ஆடினால் நிறுத்தித் திரும்பச் சொல்லுங்கள். இன்டர்வியூ பண்ணுபவர்கள் காத்திருப்பார்கள்.

ஜூலையில் ஜாயினிங். பெங்களூரு. ஓனர் லீவு கொடுத்தால் அப்பாவும் கூட வந்து ரூமில் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.